ஐம்பது மில்லி

திர்சேயு, போனை வைக்காதே.
குளியலறைத் தரையிலா உட்கார்ந்திருக்கிறாய்?
நல்ல இடம். ஓடு குளிர்ந்திருக்கும்.
நானும் அங்கேதான் கிடந்தேன், ஏழாவது வாரம்,
கெட்டிப்பால் மூன்று கரண்டி நக்கிவிட்டு.
நீ என்ன தின்றாய் என்று கேட்கவில்லை.
குரலிலேயே இனிப்பு இருக்கிறது.

நெஞ்சு படபடக்கிறதா?
வேர்வை, கைநடுக்கம்,
இதோ செத்தேன் என்கிற நினைப்பு?
அதற்கொரு பெயர் உண்டு, புதன்கிழமை சொல்கிறேன்.
இப்போது படு. அப்படியே.
துண்டைச் சுருட்டித் தலைக்கு வை.
இது தண்டனை இல்லை, திர்சேயு.
குடலுக்குச் சர்க்கரை சீக்கிரம் போய்விட்டது,
அவ்வளவுதான்.
குடலுக்குப் பாவம் புண்ணியம் தெரியாது.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்.
காய்ச்சல் இருக்கிறதா?
இடது தோளில் குத்துகிறதா?
இன்னொரு தடவை சொல்.
சரி.
இருக்கிறது என்றிருந்தால்
இந்நேரம் ஓஸ்மாரின் டாக்சி உன் வாசலில் நிற்கும்.
அந்த ஒன்றில் எங்களிடம் வீரம் செல்லாது.
ஜுரேமா ஒரு நாள் பொறுத்துப் பார்த்தாள்.
ஒரே ஒரு நாள்.
அவள் நாற்காலியில் நாங்கள் பையைக்கூட வைப்பதில்லை.

நாற்காலி என்றதும் ஞாபகம்:
பள்ளிக்கூடத்து ஹாலில் பார்த்தாயா,
ஒன்றுக்கும் கைப்பிடி இருக்காது.
கைப்பிடி வைத்ததையெல்லாம்
ஓஸ்மார் ரம்பத்தால் அறுத்துவிட்டான்.
தலைமையாசிரியை மூன்று மாதம் பேசவில்லை.

நான் ரெசிஃபே பஸ்ஸில் பதினான்கு வருஷம் கண்டக்டர்.
என் கைப்பக்கம் சுழல்கம்பி,
ஒவ்வொருவராய் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும்.
போக முடியாதவர்கள் காசை நீட்டிவிட்டு
முன்பக்கமே நின்றுகொள்வார்கள், கண்ணாடிக்கு வெளியே
ஏதோ முக்கியமானதைப் பார்ப்பதுபோல.
நான் கம்பியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவேன்,
கணக்குக்கு.
அப்புறம் ஒருநாள் என் இருக்கைக்குள்
நானே போக முடியவில்லை.
ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

இப்போது அறுபத்தொரு கிலோ குறைந்திருக்கிறேன்.
இன்றைக்கும் அந்தக் கம்பியருகே வந்தால்
மூச்சை இழுத்து, ஒருக்களித்து,
பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகிறேன்.
இரண்டு பக்கமும் காற்றுதான்.
உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

சிரிக்கிறாயா? சிரி. தையல் வலித்தால் நிறுத்து.

மூன்றாம் மாதம் தலைமுடி கொட்டும்.
சீப்பைப் பார்த்து அழாதே, திரும்பி வரும்.
எனக்குச் சுருட்டையாக வந்தது, யாரைக் கேட்டேன் சொல்.
மாத்திரையை மறந்தால் விரல்நுனி மரக்கும்,
அதை மட்டும் மறக்காதே.
உன் மாமியார் கேக்கோடு வருவாள்.
‘முகமே வாடிப்போச்சு, ஒரு வாய்’ என்பாள்.
அவளோடு சண்டை போடாதே,
அவளுக்கு அன்பு காட்ட வேறு வழி தெரியாது.
நமக்கும் தெரியாமல்தானே இருந்தது.

ஒரு சாண் வயிறு என்பார்கள்.
நமக்கு இப்போது ஒரு கட்டைவிரல்.
ஆனால் பசி, அது
பழைய வீட்டு முகவரிக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில்
கருப்பு பீன்ஸ் கொதிக்கும்போது
நான் அடுப்பருகே போய் நிற்கிறேன், மூடியைத் திறக்கிறேன்.
இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது.
மேஜையில் எல்லோரும் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.
அதற்கு என்ன செய்வதென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை,
நானும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

மழை பிடித்துவிட்டது, உன் பக்கமும் கேட்கிறதா?
மூச்சு இறங்கியிருக்கிறது உனக்கு.
அரை மணி போகட்டும். பிறகு
அந்தச் சின்னக் காப்பிக் கப், ஐம்பது மில்லி, தண்ணீர்.
ஒரு மிடறு. கடிகாரம் பார். ஒரு மிடறு.
கடகடவென்று குடித்த காலம் போய்விட்டது.

என்ன? இரண்டாவது மணியிலேயே எப்படி எடுத்தேன் என்றா?

நான் தூங்கவில்லை, திர்சேயு.
சமையலறையில் நின்றிருந்தேன்,
பிரிட்ஜ் விளக்கு வெளிச்சத்தில், கரண்டியோடு.
நீ கூப்பிட்டாய்.
கதவைச் சாத்தினேன்.